வோல்டரின் நூறு கோதுகள்

ஓய்வு பெற்று ஐந்தாறு வருடம் கழித்து, போன மாதம் என் பழைய வேலைத்தலத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்குக் கோது பரிசோதனை பற்றி அரை மணித்தியாலம் பேச முடியுமா என்று கேட்டார்கள். போனேன். சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கோதை எப்படிக் கையில் பிடிப்பது, வெளிச்சத்தை எந்தப் பக்கம் வைப்பது, நகத்தால் எங்கே தடவிப் பார்ப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டாள். எவ்வளவு சிறிய தொகுதியாக இருந்தாலும் அதிலிருந்து மாதிரி எடுத்து அலுமாரியில் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே, பத்துக் கோதில் ஒன்றை எடுத்து வைப்பது வீண் இல்லையா என்றாள். வீண் இல்லை, ஒருமுறை தேவைப்பட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டேன்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போதும் அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விதி வந்ததற்குக் காரணம் நான். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் விஞ்ஞானகூடத்தில் உதவியாளராக ஒன்பது வருடம் இருந்தவள். சோதனைக் குழாய் கழுவுவதும் அமிலப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டுவதும் என் வேலை. இங்கே வந்து முதல் ஒரு வருடம் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த மாடிவீட்டுக்குப் பக்கத்திலேயே, நடந்து போகிற தூரத்தில், பித்தளை சுத்தம் செய்யும் வேலை இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்த பிறகுதான் அது தோட்டாக் கோது என்று தெரிந்தது.

துப்பாக்கி சுடும் பயிற்சிக் கழகங்களும் தனி ஆட்களும் சுட்டு முடித்த கோதுகளை வாளி வாளியாக அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைத் தரம் பிரித்து, கழுவி, மினுக்கி, பரிசோதித்துக் கொடுப்போம். அடுத்த அறையில் வேறு ஆட்கள் புதிய வெடிமருந்தும், முனையில் வைக்கும் சன்னமும் நிரப்புவார்கள். இலக்குப் பலகையில் சுடுவதற்கான தோட்டாக்கள் மட்டும்தான். ஆனாலும் ஊரில் முற்றத்திலிருந்து விளக்குமாற்றால் கூட்டித் தள்ளிய பொருளை இங்கே கையுறை போட்டுக் கழுவுகிறேன் என்று யாருக்குச் சொல்வது? தெரிந்தவர்கள் கேட்டால் பித்தளை பொலிஷ் பண்ணுகிற பக்ரறி என்பேன். அதை நம்பி, இரண்டு அன்ரிமார் தங்கள் குத்துவிளக்கைக் கொண்டுவந்து தந்ததும் உண்டு.

வேலை பழக மூன்று மாதம் எடுத்தது. வாளியைச் சல்லடையில் கொட்டி மண்ணையும் கல்லையும் போக்க வேண்டும். ஒவ்வொரு கோதையும் எடுத்து அதன் வாய்க்குள் பார்க்க வேண்டும். அளவு அளவாகப் பிரிக்க வேண்டும். அடியில் இருக்கும் எரிந்த சிறு மூடியைத் தட்டி எடுத்துவிட்டு, இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரமும் எலுமிச்சை உப்பும் போட்டுக் கழுவ வேண்டும். நன்றாக அலசி, காயவைத்து, சோளப்பொத்தித் தண்டை அரைத்த தூளோடு சேர்த்து அதிரும் தொட்டியில் இரண்டு மணித்தியாலம் விட வேண்டும். வெளியே எடுத்த பிறகுதான் உண்மையான வேலை. ரைபிள் கோதுக்குக் கழுத்தும் தோளும் உண்டு. கழுத்தில் தலைமயிர் அளவு வெடிப்பு இருந்தாலும் அது குப்பைக்குப் போக வேண்டும். ஈயத் தூசு உடம்புக்குள் போகக் கூடாது என்பதால் உள்ளே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம்.

எங்கள் மேற்பார்வையாளர் ஸ்ரெஃபான் போலந்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் மணிக்கூடு திருத்தியவராம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் தவறவிட்ட கோது ஒன்றைக் கண்டால், அதைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நாங்களே கண்டுபிடித்து, அவரிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். சிலவேளை ஒரு கோதை வைத்துக்கொண்டு அரை நாள் முழித்திருக்கிறேன். அவர் திட்டியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. வெற்றுக் கோதுகளுக்குள் வெடிக்காத தோட்டா கலந்து வந்தால், கண்டவர் கையை உயர்த்த வேண்டும். எல்லா இயந்திரமும் நிற்கும். கண்டவரே அதை இரண்டு விரலால் பிடித்து, சுவரோரம் இருக்கும் மணல் பெட்டிவரை நடந்து கொண்டுபோய் வைக்க வேண்டும். என் முதல் மாதத்திலேயே ஒன்று அகப்பட்டது. கையை உயர்த்தினேன். கால் நகரவில்லை. ஸ்ரெஃபான் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கை நீட்டவில்லை. பன்னிரண்டு அடி தூரம். அந்தப் பன்னிரண்டு அடியையும் அவர் என்னோடு நடந்து வந்தார், அவ்வளவுதான்.

அங்கே என்னோடு வேலை செய்த இன்னொரு தமிழ்ப் பெண் மலர். மட்டக்களப்பு. என்னைவிட ஐந்து வயது இளையவள். பகலில் எங்களோடு கோது கழுவிவிட்டு, பின்னேரத்தில் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போவாள். அவள் இல்லாவிட்டால் அந்த அறையில் நான் ஒரு மாதம் தாங்கியிருக்க மாட்டேன்.

மூன்றாவது வருடம் ஸ்ரெஃபானுக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை. நான்கு கிழமை லீவு. கழுவும் அறையை என் பொறுப்பில் விட்டுப் போனார். எனக்கு அது பெரிய காரியமாக இருந்தது. காரணம், அப்போது நான் அப்பாவையும் அம்மாவையும் கனடாவுக்கு அழைக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். அவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பில் ஒரு லொட்ஜின் சிறிய அறையில் காத்திருந்தார்கள். நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் ஒன்று விண்ணப்பத்தோடு போக வேண்டும். முதலாளி, நிறுவனத்தைத் தொடங்கியவரின் மகன், தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஸ்ரெஃபான் போன முதல் கிழமையே சிக்கல் வந்தது. ஒரு கழகத்தின் இரண்டாயிரம் ரைபிள் கோதுகள் எங்கோ ஈரத்தில் கிடந்து பழுப்பேறி வந்திருந்தன. இரண்டு தடவை கழுவினோம். இரண்டு தடவை அதிரும் தொட்டியில் போட்டோம். பழுப்பு போகவில்லை. முதலாளி வந்து பார்த்து, கழகத்துக்காரர் போன முறையே முறைப்பாடு செய்தவர்கள், இந்த முறை பளபளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, மலர் துப்புரவு வேலையிலிருந்து ஒரு பெரிய போத்தல் கொண்டுவந்தாள். பித்தளைக் கைபிடிகளை அதில்தான் துடைப்பார்களாம். மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தியது.

அமோனியா என்று அதன் முதுகில் சிறிய எழுத்தில் இருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிறகு கொஞ்சக் காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் பார்த்தேன். அமோனியா கூடாது என்று ஸ்ரெஃபான் கைப்பட எழுதி ஒட்டிய தாள் கழுவும் தொட்டிக்கு மேலேயே இருந்தது. நாற்றத்துக்காகச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு தண்ணீரில் ஊற்றினேன்.

மத்தியானத்துக்குள் பழுப்பு முழுதும் போய்விட்டது. கோதுகள் அப்போதுதான் உருக்கி வார்த்தவை போல இருந்தன. தண்ணீர் நீலமாகியிருந்தது. அந்த நீலத்தையும் எனக்குத் தெரியும். பாடசாலையில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு முன்னால் சோதனைக் குழாயில் காட்டிய நீலம்தான். செம்பு கரைந்தால் வருவது. அப்படியென்றால் பித்தளையிலிருந்து செம்பு கரைந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் தொட்டியைப் பார்த்தபடி நின்றேன். பிறகு அழுக்குத்தானே போகிறது என்று கோதுகளை எடுத்து அலசச் சொன்னேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். வோல்டர் என்ற வாடிக்கையாளர் ஒருவரின் நூறு கோதுகள் ஓரத்தில் கிடந்தன. பிறம்ரனுக்கு வடக்கே பண்ணை வைத்திருந்த வயதானவர். வருடத்துக்கு ஒருமுறை தன் சொந்தக் கோதுகளையே கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போவார். அவை இன்னும் மோசமாகக் கறுத்திருந்தன. அவற்றை அந்த நீலத் தண்ணீருக்குள்ளேயே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலையில்தான் எடுத்தேன். இரண்டு தொகுதியின் அட்டையிலும் ‘வழமையான கழுவல்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

முதலாளி கோதுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து என் தோளில் தட்டினார். நிரப்பும் அறைக்குப் போயின. கழகத்தின் தோட்டாக்கள் பெட்டியில் அடுக்கப்பட்டுப் போயின. வோல்டர் ஒரு புதன்கிழமை தானே வந்து தன் நூறையும் வாங்கிக்கொண்டு போனார். அதற்கு இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, ஸ்ரெஃபான் வேலைக்குத் திரும்பினார்.

வயிற்றில் ஒரு கையை வைத்தபடி மெதுவாக நடந்து வந்தார். கழுவும் தொட்டியின் விளிம்பில் மூக்கை வைத்து மணந்தார். என்ன பாவித்தீர்கள் என்று கேட்டார். வழமையான சவர்க்காரம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். போய், பூட்டிய அலுமாரியைத் திறந்தார். பெரிய தொகுதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் நிரப்பிய தோட்டா ஐந்தை அவர் மாதிரியாக எடுத்து வைக்கச் சொல்வது வழக்கம். கழகத்தின் ஐந்தையும் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக நிறுத்தி, பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தள்ளிப்போய் நின்றார்.

முதலாவது சரி. இரண்டாவதின் கழுத்தில், சன்னத்தை இறுக்கிப் பிடிக்கும் இடத்தில், ஒரு கோடு. கீறல் என்று நினைத்து நகத்தால் தடவினேன். நகம் மாட்டியது. நான்காவதிலும் அதே கோடு. ஒருவரும் சுடவில்லை, தொடவில்லை. அலுமாரிக்குள் சும்மா நின்ற தோட்டாவின் கோது தானாகவே கிழிந்துகொண்டிருந்தது. அமோனியா பட்ட பித்தளை, இறுக்கத்தில் இருந்தால் அப்படித்தான் ஆகும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

நான் எழுந்துபோய், அமோனியா ஊற்றியதை அவரிடம் சொன்னேன். போத்தல் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. முதலாளியைக் கூப்பிட்டார். கழகத்துக்கு அந்த நேரமே தொலைபேசி எடுத்தார்கள். நல்லகாலம், அவர்களுடைய போட்டி அடுத்த கிழமைதான். பெட்டிகள் பூட்டோடு இருந்தன. ஒன்றுகூடச் சுடப்படவில்லை. முதலாளியின் முகத்தில் அப்போதுதான் இரத்தம் திரும்பி வந்தது. ஒரு பிழை யாருக்கும் வரும், இன்னொன்று என்றால் இந்த வாசலால் போக வேண்டியதுதான் என்றார். பிறகு கேட்டார்: வேறு எதையாவது அந்தத் தண்ணீரில் போட்டாயா?

இல்லை என்றேன்.

அவ்வளவு சுலபமாக அந்தச் சொல் வந்தது. தனி ஆட்களின் சிறிய தொகுதிகளில் மாதிரி எடுக்கிற வழக்கம் அப்போது இல்லை. வோல்டரின் கோதுகள் மூன்று இரவும் இரண்டு பகலும் அந்தத் தண்ணீரில் கிடந்தன என்பது எனக்கும் மலருக்கும் மட்டும்தான் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் மலர் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“அக்கா, கிளப் பெட்டியெல்லாம் திரும்பி வந்திரும். மத்தது ஆருக்குத் தெரியும்? சும்மா இருங்க,” என்றாள். அவள் பயந்திருந்தாள். அவளுடைய பயத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

முதலாளி என் கடிதத்தைத் தட்டச்சு செய்து மேசையில் வைத்திருந்தார். திங்கட்கிழமை கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். அன்று பின்னேரம் வேலை முடிந்து போகும்போது அவருடைய கதவைக் கடந்துதான் போனேன். கதவு திறந்திருந்தது.

வீட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தவர். கெட்ட மனிதர் அல்ல. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து, எனக்கு முன்னால் இருந்தார்.

“கடிதம் கையில வரட்டும். நீர் செவ்வாய்க்கிழமை சொல்லும்,” என்றார்.

“அந்த மனிசன் நாளைக்குச் சுட்டால்?”

“சுடுவார் எண்டு ஆர் சொன்னது? கொப்பர் அந்த லொட்ஜில படுக்க இடமில்லாமல் கிடக்கிறார். அதையும் யோசியும்.”

யோசித்தேன். அம்மாவின் கடைசிக் கடிதத்தில், அப்பாவுக்கு மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது என்று இருந்தது. நான் சொல்லாமல் இருந்தால், திங்கள் வரை இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் ஒன்று சனிக்கிழமை. வேலை செய்கிற மனிதர்கள் சனிக்கிழமையில்தான் சுடுவார்கள். அரை நாள் ஊறிய கோதே மாதிரி அலுமாரிக்குள் நின்றபடி கிழிந்துவிட்டது. மூன்று இரவு ஊறியது என்னவாகும்? இந்தக் கணக்கைச் செய்யத் தெரியாதவள் என்று என்னை நானே ஏமாற்ற முடியவில்லை. தெரியும். ஒன்பது வருடம் அதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

காலை ஆறரைக்கு ஸ்ரெஃபானின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். வோல்டரின் பெயரைச் சொன்னேன், எவ்வளவு நேரம் ஊறியது என்று சொன்னேன். மாடிவீட்டுக்குக் கீழே வந்து நில், வருகிறேன் என்றார்.

முதலில் வேலைத்தலத்துக்குப் போய் வோல்டரின் அட்டையை எடுத்தோம். அதிலிருந்த இலக்கத்துக்கு ஸ்ரெஃபான் அங்கிருந்தே மூன்று தடவை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். ஸ்ரெஃபான்தான் கார் ஓட்டினார். தையல் இழுத்ததோ என்னவோ, பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய உதடு இறுகியது. நான் அட்டையை மடியில் வைத்திருந்தேன். ‘வழமையான கழுவல்’ என்று என் கையெழுத்து.

பண்ணை வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தியபோது சரியாக எட்டே முக்கால். கதவைத் தட்டினோம். நாய்கூட இல்லை. திரும்பும்போது வெடிச்சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் பின்னால், அறுவடை முடிந்த சோள வயலுக்கு அப்பால், தானியக் களஞ்சியத்தின் நிழலில் ஒரு மர மேசை. அதற்கு முன்னால் ஒருவர் குனிந்து இருப்பது சிறிதாகத் தெரிந்தது. காதில் சத்தம் அடைக்கும் மூடி போட்டிருந்தார். ஸ்ரெஃபான் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. ஸ்ரெஃபான் நான்கு எட்டு ஓடிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“நீ போ. அவருக்குப் பின்பக்கத்தால் போ. மேசைக்கு முன்னால் போகாதே,” என்றார்.

ஓடினேன். அறுத்துவிட்ட சோளத் தண்டுகள் காலைக் குத்தின. சேறு. பாதி வயல் போகுமுன் இரண்டாவது வெடி கேட்டது. நான் விழுந்துவிட்டேன். தடுக்கி விழவில்லை. ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் எப்படி விழுவோமோ அப்படி, முகத்தை மண்ணில் வைத்து, கையைத் தலைக்கு மேல் வைத்து விழுந்தேன். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. மூன்றாவது வெடி எனக்கு மேலால் போனதாகவே உடம்பு நம்பியது. எழும்பு, எழும்பு என்று எனக்குச் சத்தமாகச் சொன்னேன். எழும்பினேன். வெடிச்சத்தம் வருகிற பக்கமாக நான் வாழ்க்கையில் ஓடியது அது ஒரு தடவைதான்.

இன்னும் முப்பது அடி இருக்கும்போது நான்காவது வெடி. அது மற்றவை போல இல்லை. தட்டையாக, அகலமாக ஒரு சத்தம். அவர் ரைபிளை மேசையில் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கதிரையில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியின் வலது பக்கம் கரியால் மூடியிருந்தது. கன்னத்தில் சின்னச் சின்னதாக இரத்தம். காது மூடியை நான்தான் கழற்றினேன். அவர் இடது கண்ணால் என்னைப் பார்த்தார். தன் வயலுக்குள், உடம்பெல்லாம் சேறோடு, யார் இவள் என்பது போல. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: இந்தக் கோதுகளைக் கழுவினது நான், பிழையாகக் கழுவிவிட்டேன், இனிச் சுட வேண்டாம்.

ஸ்ரெஃபான் வந்து சேர்ந்ததும் தண்ணீரால் அவருடைய கண்ணைக் கழுவி, காரில் ஏற்றி, பிறம்ரனில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகுமுன் மேசையில் இருந்த தோட்டாக்களை எண்ணும்படி ஸ்ரெஃபான் சொன்னார். எண்ணினேன். நாங்கள் வருமுன் சுட்டதையும் சேர்த்து, நூறில் முப்பத்தேழை வோல்டர் சுட்டிருந்தார். வெற்றுக் கோதுகளில் ஒன்பதின் கழுத்துக் கிழிந்திருந்தது. கடைசியாகச் சுட்டதை ரைபிளிலிருந்து எடுத்தபோது கழுத்திலிருந்து தோளைத் தாண்டி உடல்வரை பிளந்து கிடந்தது. அந்தப் பிளவு வழியாகத்தான் சூடான வாயு பின்னால் வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். கண்ணிமைக்குள்ளிருந்து மணல் அளவு பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்தார்கள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் சுட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். வோல்டர் கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். எனக்கு முன்னால் நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எழுந்தேன். அவர் கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

“ஐந்து நிமிடம் முந்தி வந்திருக்கலாம்.”

ஐந்து நிமிடம். முதல் நாள் பகலில் முதலாளி கேட்ட நேரத்திலிருந்து எண்ணினால், நான் இருபது மணித்தியாலத்துக்கும் மேல் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஸ்ரெஃபான் ஒரு தாளைத் தந்து, நடந்ததை நானே எழுத வேண்டும் என்றார். என் ஆங்கிலத்தைத் திருத்தித் தருவீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்றார். இரண்டு பக்கம் எழுதினேன். போத்தலை நான் கொண்டுவந்ததாக எழுதினேன். அந்த ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. மலர் அதற்காக என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடம் அவள் வேலையை விட்டுப் போகும்வரை, தொட்டி கழுவும் முறை எனக்கு வந்ததே இல்லை; அவளே கழுவிவிடுவாள்.

முதலாளி என்னை நிறுத்திவிடத்தான் நினைத்தார். ஸ்ரெஃபான் அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும், பிறகு தரம் பிரிக்கும் மேசைக்குத் திரும்பலாம் என்று முடிவானது. கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டிருப்பவருக்கு நிரந்தர வேலை என்று நான் எப்படிக் கையெழுத்து வைப்பது என்று முதலாளி கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

அந்தக் கடிதம் ஐந்து மாதம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. விண்ணப்பம் வரிசையின் பின்னுக்குப் போனது. மருத்துவப் பரிசோதனைக்கு நாள் வந்த கிழமைக்கு முந்திய கிழமை, லொட்ஜின் மாடிப்படியில் அப்பா இருந்த இடத்திலேயே போய்விட்டார். கடிதம் அந்தத் திங்கட்கிழமையே கிடைத்திருந்தால் அவர் வந்திருப்பாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வந்திருப்பார் என்றுதான் என் மனம் சொல்கிறது. என் கணவர் ஒரு நாளும் அதை எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கவாவது முடிந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து ஸ்ரெஃபான் என்னைப் பரிசோதனை மேசைக்கு மாற்றினார். சிறு தொகுதிக்கும் மாதிரி என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்தது. என்னை ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். உனக்குத்தான் வெடிப்பு எப்படித் தொடங்கும் என்று தெரியும் என்றார். அந்த மேசையில்தான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். வோல்டர் பிறகு எங்களிடம் கோது கொண்டுவரவில்லை.

அம்மா தனியாகத்தான் வந்தார். விமான நிலையத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, கடிதம் ஏன் பிந்தியது என்று கேட்டார். நான் அதுவரை கொழும்புக்கு எழுதிய எதிலும் காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை. காரின் பின் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அமோனியா, நீலத் தண்ணீர், இல்லை என்று நான் சொன்னது, வயல், எல்லாம். முன்னால் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த மனிசனுக்கு இப்ப கண் தெரியுதோ?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா. தெரியுது.”

அம்மா என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“கொப்பரும் முதல்ல இதைத்தான் கேட்டிருப்பார்,” என்றார்.